ஐம்பத்திரண்டாம் பிரிவும் அம்மாவின் சைடுகாரும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு, தொண்ணூறுகளில் நடப்பில் இருந்த வடிவில், மிகவும் கண்ணியமான பிரிவு. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியில் எதையாவது மாற்ற நினைக்கும் உரிமையாளர் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அந்த அதிகாரி சரி என்றோ கூடாது என்றோ தபாலில் பதில் சொல்லியாக வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். அதிகாரியின் மௌனத்தைக் குடிமகனின் கணக்கில் வரவு வைக்கும் சட்டம் இந்த நாட்டில் அபூர்வம். அப்படி ஒரு சட்டம் இருப்பது வரிக்கு வரி தெரிந்தும் அதை நம்பத் துணியாமல் உட்கார்ந்திருந்த குடும்பம் அதைவிட அபூர்வம். அது எங்கள் குடும்பம்.

இந்தப் பிரிவு எனக்கு மண்ணெண்ணெய் வாசனையோடுதான் மனப்பாடமாகியிருக்கிறது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்னால் துணி காயப்போடுவதற்கென்று பொதுப்பணித் துறை ஒதுக்கிய சிமெண்டு முற்றத்தில், ஞாயிறு காலைகளில் அம்மா பழைய அலுமினியத் தாம்பாளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதில் புல்லட்டின் செயினை ஊறப்போட்டு, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பாள். புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் ஒரு "பேச்கஸ்". நாமக்கல்லில் "திருப்புளி" என்று அம்மா கற்றது தில்லியில் பதினைந்து வருடம் இருந்ததில் "பேச்கஸ்" ஆகிவிட்டிருந்தது; ஆனால் ஒரு மரை வீணாகிப்போனால் அதைத் திட்டுவதற்கு மட்டும் அம்மா நாமக்கல்லுக்கே திரும்பிவிடுவாள்.

அம்மாவின் அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தொழிலைத் தன் இரண்டு மகன்களுக்குக் கற்றுக்கொடுத்தார், அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. பட்டறைக்குச் சோறு கொண்டுபோன மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அவள் கற்றுக்கொண்டாள். கல்யாணத்தின்போது மத்திய அரசு மாப்பிள்ளைக்குச் சீராக ஒரு முன்னூற்றைம்பது சி.சி. புல்லட் வந்தது. மாப்பிள்ளைக்கு சைக்கிள் ஓட்டவே வராது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. அவர் என் அப்பா, அர்த்தனாரி, ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். பதிவுப் புத்தகத்தில் அர்த்தனாரி, ஓட்டுநர் உரிமத்தில் மரகதம். அதிகாரம் ஓரிடத்திலும் திறமை இன்னோரிடத்திலும் இருப்பது அப்பாவுக்கு அலுவலகத்தில் பழகிப்போன ஏற்பாடு என்பதால் வீட்டிலும் அது அவரை உறுத்தவில்லை. அவர் சார்ட்டர்டு பஸ்ஸில் ஆபீஸ் போவார். அம்மா புல்லட்டில் ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கி வருவாள். முருங்கைக்காய் பின்சீட்டிலிருந்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, சிக்னலில் டி.டி.சி. பஸ்ஸின் பயணிகள் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த மார்க்கெட்டின் மளிகைக் கடை ஒன்றில் கொடுத்த காலண்டரில்தான் ரோதாங் கணவாயின் படம் இருந்தது. மணாலிக்கு மேலே, பனிக்கு நடுவே, ஒரு கறுப்புக் கோடாகச் சாலை. அம்மா அதன்முன் கரண்டியோடு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"ஏனுங்க, தில்லிக்கு வந்து பதினஞ்சு வருசம். குளுருக்குப் பயந்து ரஜாய்க்குள்ள கெடந்ததுதான் மிச்சம். ஒருக்கா அந்தப் பனியையாவது பாத்துப்போட்டு வருவோமுங்க. நம்ம வண்டியிலயே."

அப்பாவுக்கு முதுகுத் தண்டில் ஏதோ ஒரு தட்டு விலகியிருந்தது. புல்லட்டின் பின்சீட்டில் அவர் தாங்கக்கூடிய அதிகபட்சத் தூரம் பக்கத்திலிருந்த மலை மந்திர் கோயில் வரை, அதுவும் முருகனை நினைத்துக்கொண்டு. அறுநூறு கிலோமீட்டரை அவர் உட்கார்ந்து கடக்க முடியாது. சாய்ந்துதான் கடக்க முடியும். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கரோல்பாகுக்குப் போய் ஒரு பழைய சைடுகாரோடு டெம்போவில் வந்து இறங்கினாள்.

சைடுகாரை நினைவில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: மோட்டார் சைக்கிளின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு ஓடும் ஒற்றைச் சக்கரத் தொட்டி அது. அதை வெறும் நான்கு போல்ட்டு சமாசாரம் என்று நினைப்பவர்கள், நான் பார்த்தவரை, ஒரு முறை சாக்கடையில் இறங்கிய பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஆள் எடை தொங்கும்போது முடுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடும். அதனால் தொட்டியின் சக்கரம் முன்பக்கத்தில் இம்மியளவு உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தொட்டியை விட்டு இம்மியளவு வெளியே சாய்ந்திருக்க வேண்டும். அம்மா எங்கள் சார்பாயை, அந்தக் கயிற்றுக் கட்டிலை, பிரித்து, அதன் நீளச் சட்டங்கள் இரண்டையும் சக்கரங்களின் ஓரமாகத் தரையில் படுக்கவைத்து, பிளவுஸ் அளவெடுக்கும் நாடாவால் முன்னாலும் பின்னாலும் இடைவெளியை அளந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதைச் சரிசெய்தாள். பாரம் இழுப்பதற்காகக் கியர்பாக்ஸின் பல்சக்கரத்தை இரண்டு பல் குறைந்ததாக மாற்றினாள். பின்பக்க ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றினாள். பெட்ரோல் கேனுக்கு ஒரு தாங்கி செய்தாள். தொட்டிக்குள் அப்பாவின் முதுகுக்கென்று இலவம் பஞ்சு மெத்தை தைத்துப் போட்டாள். அந்த ஒரு மாதமும் நாங்கள் தரையில் படுத்தோம்.

சைடுகாரை விற்ற சர்தார்ஜி, அம்மா அதைப் பொருத்திய விதத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். சுற்றி நடந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பெஹன்ஜி, சர்க்கார் கோ பூச்னா மத்." அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கோடையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நிபுணர் ஆலோசனை அதுதான். அன்று மாலை அம்மா அதைச் சொன்னபோது அப்பா, ஆபாசமான ஒன்றைக் கேட்டவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மரகதம், வண்டி என் பேர்ல இருக்குது. நான் கவர்மெண்ட் செர்வண்ட்."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு எங்கள் முன்னறையில் கமிட்டி கூடியது.

கமிட்டி என்பது இரண்டு பேர். ஒருவர் மேல்தளத்துத் தஞ்சாவூர் மாமா. கோப்பில் குறிப்பு எழுதுவதில் புலி என்று பெயர். முப்பது வருடத்தில் அவர் எழுதிய குறிப்புகளால் ஏதாவது ஒரு காரியம் நடந்ததாக எனக்குத் தெரியாது. பல காரியங்கள் நடக்காமல் போனதற்கு அவர் ஆதாரம் காட்டுவார். இன்னொருவர் எதிர் பிளாக்கின் சுடலைமுத்து. எல்லோரையும் "வே" போட்டுப் பேசும் திருநெல்வேலிக்காரர். இருவரும் அம்மா போட்ட காபியைக் குடித்தார்கள். அம்மா பொருத்திய சைடுகாரைச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது: கூட்டும் பொருளின் எடை வண்டி எடையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஒப்புதல் தேவையில்லை. மாமா அதை மனக்கணக்காகப் போட்டு, "மூணு கிலோ சொச்சம் வரது ஓய். உம்ம டிபன் கேரியரை வேணா பெர்மிஷன் இல்லாம மாட்டிக்கலாம். உம்மை மாட்ட முடியாது" என்றார். அதுதான் அந்தக் கமிட்டி சொன்ன ஒரே நகைச்சுவை. அதையும் அப்பா குறித்துக்கொண்டார்.

விண்ணப்பம் மூன்று வரைவு கண்டது. முதல் வரைவில் "சைடுகார் பொருத்த விரும்புகிறேன்" என்றிருந்தது. விருப்பத்தைத் தெரிவிப்பது அரசு ஊழியருக்கு அழகல்ல என்று மாமா அதை "உத்தேசிக்கப்பட்டுள்ளது" என்று மாற்றினார். யாரால் என்பதை மூன்றாவது வரைவிலும் எழுதவில்லை. அரசாங்கத் தட்டச்சுப் பொறியைச் சொந்த வேலைக்குத் தொடக்கூடாது என்பதால், கையெழுத்து நன்றாயிருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணாகிய நான் சுத்தப் பிரதி எழுதினேன். கோப்புக்குப் பச்சை நிற நாடாவும் நான்தான் கட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: அதைக் கட்டும்போது எனக்கு இன்பமாக இருந்தது. அம்மாவோடு முற்றத்தில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த நான் அந்த மாதத்தில் முன்னறைக்கு மாறிவிட்டேன்.

ஜூன் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, அப்பா அரை நாள் விடுப்பு எடுத்து விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, நகலில் ரப்பர் முத்திரை வாங்கி வந்தார். பதினைந்தாம் தேதியிலிருந்து ஈட்டிய விடுப்பும், தலைநகரை விட்டு வெளியே செல்லும் அனுமதியும் ஏற்கனவே வாங்கியிருந்தார். ஏழு நாள் கழிந்தது. பதில் வரவில்லை. சட்டப்படி ஒப்புதல் கிடைத்தாயிற்று. அம்மா புளியோதரைக்குப் புளி காய்ச்சினாள்.

கமிட்டி மறுபடியும் கூடியது.

"ஆக்ட் கிளியரா இருக்கு அர்த்தனாரி, அதுல சந்தேகமே இல்ல" என்றார் மாமா. "ஆனா பேப்பர் இல்லாத அப்ரூவல்னா, அது பேப்பர் இல்லாத அப்ரூவல்தானே ஓய்?"

"செக்போஸ்ட்ல மறிச்சாம்னா எதைவே காட்டுவீரு?" என்றார் சுடலைமுத்து. "ஏழு நாளா லெட்டர் வரலன்னு சொல்லுவீரா? வராத லெட்டரை எடுத்துக் காட்டும்பான், என்ன செய்வீரு?"

சமையலறை வாசலிலிருந்து அம்மா கேட்டாள்: "சட்டப் புஸ்தகத்தக் காட்டுனா ஆகாதுங்களா?"

மூன்று பேரும் அம்மாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். சட்டம் இருக்கிறது என்பதற்காக அதை நம்பிக் கிளம்பிவிடும் பாமரத்தனம் அவர்களுக்குப் புரியாத ஒன்று. அவர்கள் மூவரும் சேர்ந்து எண்பது வருடத்துக்கும் மேலாக அரசாங்கமாகவே இருந்தவர்கள். உள்ளேயிருந்து பார்த்தவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. இதை இன்று நான் ஏளனமாக எழுதுகிறேன்; பிற்காலத்தில் இருபது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே இரக்கப் பார்வையைப் பலருக்குக் கொடுத்துவிட்டு, நானாக விருப்ப ஓய்வு வாங்கி வந்தவள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஆகவே நினைவூட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அனுப்பிய மறுநாள் மாமாவுக்கு ஓர் ஐயம் தோன்றியது: நினைவூட்டு அனுப்பியதன்மூலம் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று நாமே எழுத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டதே, பழைய ஏழு நாள் செல்லுமா? செல்லாது என்று மூவரும் ஏகமனதாக முடிவு செய்து, புதிய ஏழு நாளை எண்ணத் தொடங்கினார்கள். அது முடிந்ததும் அதற்கொரு நினைவூட்டு. இப்படியாக ஒவ்வொரு முறையும் சட்டம் திறந்துவிட்ட கதவை அவர்களே ஒரு பதிவுத் தபால் அனுப்பி மூடினார்கள். அந்த அலுவலகம் எங்களுக்கு எந்தத் தடையும் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அது ஒன்றுமே செய்யவில்லை. தடை முழுவதும் எங்கள் முன்னறையில், எங்கள் காபியில் தயாரானது.

அப்பாவின் விடுப்பு ரத்தானது. ஜூலை வந்தது, மழை வந்தது. ஓடாத வண்டியில் சைடுகார் இருப்பது குற்றமாகுமா என்று ஒரு மாலை நீண்ட விவாதம் நடந்து, ஆகாது என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் காபித் தம்ளரோடு பின்முற்றத்துக்குப் போய், நின்ற வண்டியின் தொட்டியில் ஏறி, காலை நீட்டி, இலவம் பஞ்சில் சாய்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். முதுகு வலி குறைந்திருப்பதாகவும் சொன்னார். மழை தூறினால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு பயணியின் களை இருக்கும். சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு, வளைவில் திரும்புகிறவர் போல லேசாகச் சாய்வார். நான் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், அம்மாவும் பார்த்திருக்கிறாள். "மனுசனுக்கு ஆசை இருக்குது கண்ணு" என்றாள் அம்மா ஒரு நாள், கோபமில்லாமல். "ஆசைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு வேணும்ங்கறாரு, அதான்."

அக்டோபர் வந்தது. நவம்பரில் கணவாயை மூடிவிடுவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தசரா விடுமுறை தொடங்கிய அன்று மாலை, அப்பா தொட்டியில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தபோது அம்மா ரிங் ஸ்பேனரோடு பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க. போல்ட்டுக் கழட்டோணும்."

"எதுக்கு?"

"பொட்டிய மாட்டுனாத்தானுங்க பர்மிசன் வேணும்? மாட்டலீன்னா வண்டி புஸ்தகத்துல இருக்கற மாதிரிதானே இருக்குது? நானும் பாப்பாவும் போயிட்டு வந்தர்றமுங்க."

அதற்கு விதி கிடையாது. அதாவது, எதிரான விதி கிடையாது. அப்பா தம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார். பிறகு மெல்ல எழுந்து, வேட்டியைத் திருத்திக்கொண்டு, தொட்டியிலிருந்து இறங்கினார். அம்மா அவர் பக்கம் பார்க்கவில்லை. நான்கு போல்ட்டும் கழன்றன. பல்சக்கரத்தைப் பழையபடி மாற்றினாள். தொட்டியை அம்மாவும் அப்பாவுமாகச் சுவரோரம் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா பதிவுப் புத்தகத்தோடு ஒரு தாளையும் அம்மாவிடம் கொடுத்தார். மேற்படி வாகனத்தின் உரிமையாளராகிய எனக்கு, என் மனைவி மேற்படி வாகனத்தை ஓட்டிச் செல்வதில் யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார். யாரையும் கலக்காமல், வரைவு போடாமல் எழுதியது. அவர் வாழ்நாளில் ஏழு நாளுக்குள் வெளியிட்ட ஒப்புதல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பெரிதாக வர்ணிக்கப் போவதில்லை. பயணங்களை வர்ணிப்பவர்களை நான் பொதுவாக நம்புவதில்லை. அம்பாலா தாண்டும்வரை லாரிகளின் புகை. மண்டிக்கு மேலே மண் சரிந்த சாலை. இரவுகளில் தர்மசத்திர அறைகளில் அம்மா நட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். மணாலிக்கு மேலே, உயரத்தில் காற்று மெலிந்து வண்டி கறுப்புப் புகை கக்கியது. அம்மா ஓரம் கட்டி, கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோலைக் குறைத்து விடும் சிறிய ஜெட் ஒன்றை, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்ததை, மாற்றிப் போட்டு, ஊசியை ஒரு காடி இறக்கினாள். விரல்கள் விறைத்ததால் நடுநடுவே கையை அக்குளில் வைத்துக்கொண்டாள். கடைசித் தடுப்பில் சாலைப் பணியாளர் ஒருவர் கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டு, முந்திய நாள் விழுந்த பனியை வழிக்கும்வரை நிற்கச் சொன்னார். பெண்பிள்ளைகள் இருவரை அந்த வண்டியில் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆத்மி கஹாங் ஹை?"

வீட்டு ஆம்பிளை எங்கே என்ற கேள்விக்கு அம்மா தன் நாமக்கல் இந்தியில், "காகஜ் ஆயேகா, தப் ஆயேகா" என்றாள். காகிதம் வந்ததும் வருவார். அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவரும் அரசு ஊழியர்தானே.

இரண்டு மணி நேரம் கழித்துக் கயிறு இறங்கியது. நாங்கள் மேலே போனோம். காலண்டரில் இருந்ததைவிட அழுக்காக இருந்தது. சாலையோரம் டீசல் தெளித்த பனி, அதற்கப்பால் வெறும் வெள்ளை. அம்மா அந்த வெள்ளையை இரண்டு நிமிடம் பார்த்தாள், சிலிண்டரை ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு கைப்பிடி பனி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கீழே போட்டுவிட்டுக் கையை அப்பாவின் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இதைப் பாக்காம போயிட்டாரே. அடுத்த வருசம் பொட்டிய மாட்டிக் கூட்டிட்டு வந்தரோணும் கண்ணு. காகிதமாவது மண்ணாவது."

எட்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது அப்பா கேட்ட கேள்விகள் இவை: வண்டியில் ஏதும் கோளாறா? யாராவது மறித்தார்களா? நான் எழுதிக் கொடுத்த தாளை எங்கேயாவது காட்ட வேண்டியிருந்ததா? இல்லை என்று அம்மா சொன்னதில் அவருக்குச் சற்று ஏமாற்றம். பனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் போகாதது உறுதியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "நீங்க போனப்பறம் லெட்டர் ஒண்ணும் வரலை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் மே மாதத்தில் அம்மா சைடுகாரை மாட்டினாள், சார்பாயைப் பிரித்தாள், நாடாவால் அளந்தாள். அப்பா சாயங்காலங்களில் ஏறி உட்கார்ந்தார். கமிட்டி கூடியது. காகிதமாவது மண்ணாவது என்று பனியின் முன்னால் சொன்னவளுக்கு, அந்த மனிதரை இழுத்து உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போய்விட முடியவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு காலை அவர் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியை உதைத்துக் கிளப்பி முற்றத்து வாசல்வரை கொண்டுபோனாள். அப்பா இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மரகதம், வேண்டாம் புள்ள, மானம் போயிரும்" என்றார். அம்மா இன்ஜினை அணைத்தாள். அவருக்குப் பயம் இருந்தது விபத்தைப் பற்றியல்ல; அலுவலகத்தில் யாராவது கேட்டுவிடுவார்களே என்பதைப் பற்றி. ஒரு மனிதனை அவன் மனைவி எவ்வளவு வேண்டுமானாலும் வெறுப்பதற்கு இது போதும். அம்மா வெறுக்கவில்லை. அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். நான் குறைவில்லாமல் செய்தேன். அந்த வீட்டில் இருந்தவரை அவரிடம் அந்தக் கோப்பைப் பற்றி நான் மரியாதையாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாம் வருடம் அப்பாவுக்குப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தது. மலையிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரயில் பார்சலில் புல்லட்டை மட்டும் ஏற்றலாம் என்றார்கள்; பதிவுப் புத்தகத்தில் இல்லாத ஓர் உறுப்பு வண்டியோடு போக முடியாது. அம்மா வாதாடவில்லை. பழைய இரும்பு வாங்கும் ஒரு கபாடிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் சைடுகாரைத் தராசில் ஏற்ற முடியாமல் சம்மட்டியால் மூன்று துண்டாக்கினார். அதற்கு முன் அம்மா மெத்தையை மட்டும் உருவிக்கொண்டாள். அப்பா அந்த நேரத்தில் பால்காரர் கணக்கை முடிக்கப் போயிருந்தார், போயிருந்ததாகச் சொன்னார்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்துவிட்டு மேலே மேலே கட்டிக்கொண்டு போகிறார்கள், பின்முற்றம் வைக்கும் உத்தேசம் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பயணத்துக்கென்றே விற்கப்படும் மோட்டார் சைக்கிள்கள் வந்துவிட்டன. அவற்றை ஓட்டும் இளைஞர்கள், போகும் ஊர்களைவிட அதிகமான பைகள் உள்ள சட்டை அணிகிறார்கள். வண்டியில் எதை மாற்றவும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆள் தேடுகிறார்கள். கேட்கவே கேட்காத இவர்களுக்கும் கேட்டுக்கொண்டேயிருந்த அப்பாவுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு நல்ல குடிமகன் இருந்திருக்க வேண்டும்; நான் அவரைச் சந்தித்ததில்லை. பிற்பாடு சட்டத்தையும் திருத்தினார்கள். ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்ற அந்த வாசகம் போய்விட்டது. யாரும் அழுததாகச் செய்தியில்லை. அதை நம்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதன் கடைசித் தாள், தில்லி முகவரியிலிருந்து இரண்டு முறை திருப்பிவிடப்பட்டு, எங்கள் சென்னை வீட்டுக்கு வந்த பழுப்பு உறைக்குள் இருந்தது. தங்களின் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, உத்தேசிக்கப்பட்ட மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை, பொருத்திய பின் வாகனத்தை ஆய்வுக்குக் கொண்டுவரவும். மூன்று வரி. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். நான் சொல்லத் தயாராக வைத்திருந்த கேலி எதையும் சொல்ல முடியாதபடி அவர் முகம் இருந்தது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஐந்தரை வருடமாகக் கேட்காததை அவர் அப்போதுதான் கேட்டார்: "மரகதம், அந்தப் பனி எப்படி இருந்துச்சு?"

அம்மா சொல்லத் தொடங்கினாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து கேட்டார். அம்பாலா லாரிகளிலிருந்து ஆரம்பித்து, மாற்றிய ஜெட், இறக்கிய கயிறு, டீசல் தெளித்த பனி, அவர் சட்டையில் துடைத்த கை வரைக்கும் அம்மா ஒன்று விடாமல் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அதன்பிறகு அப்பா எழுந்து போய், பேனாவை எடுத்து, விதிப்படி கடிதத்தின் மேல் வலது மூலையில், அது கைக்குக் கிடைத்த தேதியை எழுதினார்: 27 பிப்ரவரி 2001.